முதல் முறை ஆர்.எஃப். தோல் இறுக்க சிகிச்சை: மூக்குத்தி, பல் கேப், மரத்துப்போகும் கிரீம் பற்றிச் சில ஐயங்கள்

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன், வயது 48. உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தி எடையைக் குறைத்ததில் சர்க்கரை அளவும் முழங்கால் வலியும் கட்டுக்குள் வந்துவிட்டன. ஆனால் தாடையோரமும் கன்னத்தின் கீழ்ப்பகுதியும் தொய்ந்துவிட்டன. அறுவை சிகிச்சை வேண்டிய அளவுக்குத் தொய்வு இல்லை என்றும், ரேடியோ அலையால் தோலை இறுக்கும் ஆர்.எஃப். சிகிச்சையை முயன்று பார்க்கலாம் என்றும் தோல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் முதல் அமர்வு.

கிளினிக்கில் கொடுத்த தாளில் நிறையத் தண்ணீர் குடிக்கவும், மேக்கப் இல்லாமல் வரவும், நகைகளைக் கழற்றவும் என்று மூன்று வரிகள் மட்டுமே உள்ளன. என் மூக்குத்தி கல்யாணத்திற்கு முன்பே போட்டது. திருகு இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை. தாலிச்சங்கிலியைக் கழற்றுவதில் மாமியாருக்கு உடன்பாடு இல்லை. கீழ்த்தாடையில் ரூட் கேனால் செய்த இரண்டு பற்களுக்கு உலோக கேப் போட்டிருக்கிறார்கள். தைராய்டு மாத்திரை தினமும் எடுத்துக்கொள்கிறேன். இவற்றில் எதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், எது பொருட்டே இல்லை என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு, மரத்துப்போகும் கிரீமை வீட்டிலேயே பூசிக்கொண்டு போனால் வலியே தெரியாது என்று தோழி ஒருவர் சொல்கிறார். மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்றால் ஷாக் அடிக்காதா என்ற பயமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்னோட்டம் எழுதியது:

வணக்கம் அம்மா. மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உடம்பைப் பற்றி மருத்துவர்கள் சொல்லட்டும்.

முதலில் உங்களுக்குச் செய்யப்போவது எந்த வகை என்று கிளினிக்கில் கேளுங்கள். "ஆர்.எஃப்." என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வேறுபட்ட சிகிச்சைகள் நடக்கின்றன. மோனோபோலார் வகையில், முகத்தில் வைக்கும் கைப்பிடியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் உடம்பின் வழியே சென்று, முதுகிலோ தொடையிலோ ஒட்டியிருக்கும் பெரிய பேட் வழியாகக் கருவிக்குத் திரும்புகிறது. பைபோலார், மல்டிபோலார் வகைகளில் கைப்பிடியிலேயே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மின்முனைகள் இருப்பதால், மின்னோட்டம் அவற்றுக்கு இடையிலான தோலோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது, நம் ஊர் கிளினிக்குகளில் எம்.என்.ஆர்.எஃப். என்று சொல்லும் நுண்ணூசி வகை. அதில் தோலுக்குள் இறங்கும் ஊசிகளின் வழியாகச் சூடு கொடுக்கப்படுகிறது. நகை, கிரீம், வலி, ஓய்வு ஆகிய எல்லாவற்றுக்கும் பதில் இந்த வகையைப் பொறுத்தே மாறும்.

ஷாக் அடிக்காது. பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் செல்லும் மின்னோட்டம் நரம்பையும் தசையையும் துடிக்க வைப்பதில்லை என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் தார்சோன்வால் 1890-களிலேயே காட்டிவிட்டார். 1926-இல் பாஸ்டனில் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், இயற்பியலாளர் போவி வடிவமைத்த மின்கத்தியை மூளைக்கட்டி அறுவையில் பயன்படுத்தியதும் இதே அடிப்படையில்தான். தெர்மேஜ் என்ற பெயர்பெற்ற மோனோபோலார் கருவியில் மின்னோட்டம் விநாடிக்கு 67.8 லட்சம் முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. தோல் அதற்குக் காட்டும் எதிர்ப்பு சூடாக மாறுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சூடு எங்கே பிறக்கும் என்பது மின்னோட்டம் எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. கைப்பிடியின் முனையில் மாட்டி முகத்தில் வைக்கும் டிப் சிறியது, ஆகவே அங்கே சூடு. முதுகில் ஒட்டும் பேட் பெரியது, ஆகவே அங்கே ஒன்றும் தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கினாலோ வியர்வையாலோ அந்தப் பேட் பாதி உரிந்துவிட்டால், மின்னோட்டம் முழுவதும் ஒட்டியிருக்கும் மீதிப் பரப்பில் குவிந்து, முகத்திற்கு வைத்தியம் செய்ய வந்தவருக்கு முதுகில் கொப்புளம் வரக்கூடும். எனவே அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டாம். முதுகிலும் தொடையிலும் பாடி லோஷன் பூச வேண்டாம். "தண்ணீர் குடிக்கவும்" என்று அச்சடித்த தாளில் இந்த வரி இல்லாதது எனக்கு எப்போதுமே வியப்பு.

உலோகம் பற்றி: மோனோபோலார் வகையில் உடம்பில் உள்ள எல்லா உலோகத்தையும் கழற்றச் சொல்வதே பாதுகாப்பான நடைமுறை. மின்னோட்டத்தின் பாதைக்கு அருகில் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் சங்கிலியோ மெட்டியோ, சிறு பரப்பில் சூடு குவியும் இடமாகிவிடலாம். கைபேசியையும் காது கேட்கும் கருவியையும் அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

நான் தோல் மருத்துவம் பார்ப்பவள். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கான முடிவைச் சொல்ல முடியாது; ஆனால் உங்கள் மருத்துவரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று சொல்ல முடியும்.

பேஸ்மேக்கரோ, இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் பொருத்திய டிஃபிப்ரிலேட்டரோ இருப்பவருக்கு இச்சிகிச்சை கிடையாது. காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் இருந்தாலும் அப்படியே. கர்ப்பிணிகளுக்குச் செய்வதில்லை. சிகிச்சை செய்யும் இடத்தில் தகடு, திருகு போன்றவை எலும்பில் பொருத்தப்பட்டிருந்தால் அவசியம் சொல்ல வேண்டும். பல் கேப்பினால் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. கன்னத்திற்கும் பல்லுக்கும் இடையில் ஈரத் துணிச்சுருள் வைத்து உலோகத்திலிருந்து கன்னத்தை விலக்கிக்கொள்வார்கள். ஆனால் கேப் இருப்பது தெரிந்தால்தானே வைப்பார்கள்? தைராய்டு மாத்திரையை வழக்கம்போல் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கும் செய்வதாக இருந்தால், தைராய்டு சுரப்பிக்கு நேர் மேலே பலரும் கைப்பிடியை வைப்பதில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நீண்ட காலச் சர்க்கரையால் சூடு, குளிர் உணர்வு குறைந்திருந்தால் இச்சிகிச்சையில் அது முக்கியமான தகவல். ஆறாத புண் வருமோ என்பதற்காக மட்டும் அல்ல; சூடு மிஞ்சினாலும் அது உங்களுக்கே தெரியாமல் போகலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் நுண்ணூசி வகைக்கு முன் அதைச் சொல்ல வேண்டும். தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது, அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. உதட்டோரம் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்களுக்குச் சிகிச்சைச் சூட்டில் அது மறுபடி கிளம்பலாம். முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத் தடுக்கலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை எடுத்தவர்கள், தழும்பு கெலாய்டாகத் தடிக்கும் உடல்வாகு உள்ளவர்கள், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், முகத்தில் குழிவை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டவர்கள் ஆகியோரும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திக் கேட்கும் கேள்வி, "முகத்துக்கு என்ன கிரீம் பூசுகிறீர்கள்?" என்பது. பெரும்பாலோர் "ஒன்றும் இல்லை டாக்டர், சாதாரண கிரீம்தான்" என்பார்கள். அந்தச் சாதாரண கிரீமைக் கைப்பையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பார்த்தால், ஸ்டீராய்டும், தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுயினோனும், வைட்டமின் ஏ வகையான ட்ரெடினாயினும் கலந்த டியூபாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் வெளுத்தாள் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. 2018-இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இன்றி விற்கக் கூடாத பட்டியலுக்குள் மத்திய அரசு கொண்டுவந்த பிறகும் அவை கடைகளில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மாதக்கணக்கில் அதைப் பூசிய தோல் மெலிந்து, சிவந்து, சிறு சூட்டைக்கூடத் தாங்காததாகிவிடும். அதில் ஆர்.எஃப். கொடுக்க நான் ஒப்புவதில்லை. முதலில் தோலைத் தேற்ற வேண்டும்.

மூக்குத்திக்கு வருவோம். சிகிச்சைக்கு முந்தின நாள் சோப்புத் தண்ணீர் விட்டு முறுக்கிப் போராடாதீர்கள். ஒரு வாரம் முன்பே பழக்கமான பொற்கொல்லரிடம் சென்று கழற்றிக்கொள்ளுங்கள். சிராய்ப்பு ஏற்பட்டாலும் அது ஆற நேரம் இருக்கும்; ஆறாத காயத்தின் மேல் கைப்பிடியை வைக்க முடியாது. பல ஆண்டுகள் பழகிய துளை சில மணி நேரத்தில் தூர்ந்துவிடாது. பயமாக இருந்தால் சுத்தமான பிளாஸ்டிக் குச்சி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வீடு திரும்பியதும் மாற்றிக்கொள்ளலாம்.

காவிரிப்பெண் எழுதியது:

தாலிச்சங்கிலிக்கு ஒரு வழி சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் போகும்போது எங்கள் வீடுகளில் செய்வதுபோல, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கை முடிந்து கட்டிக்கொண்டு, சங்கிலியை வீட்டில் சாமி படத்தடியில் வைத்துவிட்டுப் போகலாம். என் மாமியாரும் முதலில் முகம் சுளித்தார். கயிறு என்றதும் சம்மதித்துவிட்டார். ஆனால் கழுத்துக்கும் செய்கிறார்கள் என்றால் கயிற்றின் மஞ்சள் தோலில் ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துவிடச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசையும் அப்படியே.

நான் திருச்சியில் நுண்ணூசி வகை செய்துகொண்டேன். மரத்துப்போகும் கிரீம் இல்லாமல் அந்த மேசையில் படுத்திருக்கவே முடியாது என்பது என் கருத்து. முக்கால் மணி நேரம் பூசி வைத்த பிறகும் தாடை எலும்பின் மேல் வரும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆகவே உங்கள் தோழி சொல்வதில் எனக்குத் தவறு தெரியவில்லை. வலி பொறுப்பது ஒரு தவமா என்ன?

மின்னோட்டம் எழுதியது:

காவிரிப்பெண் அவர்கள் சொல்வது நுண்ணூசி வகைக்குச் சரி. மோனோபோலார் வகைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இழையைப் படிப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மோனோபோலார் கருவிகள் வந்த புதிதில், அதிக ஆற்றலை ஒரே தடவையில் கொடுத்து முடிக்கும் முறை இருந்தது. வலி தாங்க முடியாது என்பதால் மயக்க மருந்தும் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் கொடுத்துச் செய்தார்கள். தீக்காயமும், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு கரைந்து குழி விழுவதும் அந்தக் காலத்தில்தான் அதிகம் பேசப்பட்டன. பின்னர் குறைந்த ஆற்றலில் பலமுறை கைப்பிடியை வைத்து எடுக்கும் முறைக்கு மாறினார்கள். அதோடு, ஒவ்வொரு முறை வைத்த பிறகும் சூடு எவ்வளவு என்று சிகிச்சை பெறுபவரையே எண்ணால் சொல்லச் சொல்லி, அதற்கேற்ப ஆற்றலைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமும் வந்தது. பூஜ்ஜியம் என்றால் ஒன்றுமில்லை, நான்கு என்றால் தாங்க முடியவில்லை. இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் நிறுத்துவார்கள். கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பிச் செய்வதல்ல இது. ஒரே அளவு ஆற்றல் கன்னத்தில் வெதுவெதுப்பாகவும், எலும்பை ஒட்டிய தாடையோரத்தில் சுரீரென்றும் இருக்கும். அந்த வேறுபாட்டைச் சொல்லக்கூடியவர் மேசையில் படுத்திருப்பவர் ஒருவரே.

வீட்டிலிருந்து மரக்கச் செய்துகொண்டு போனால் அந்த வாயை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

தாமிரபரணி எழுதியது:

இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஒன்றிரண்டு சேர்க்கிறேன். அதே நாள் காலையில் பல் மருத்துவரிடம் தாடையில் ஊசி போட்டுக்கொண்டு மாலையில் ஆர்.எஃப்.க்கு வருபவர்கள் உண்டு. ஒரே நாள் விடுப்பில் இரண்டையும் முடித்துவிடலாம் என்ற எண்ணம். மரத்த தாடையோடு வந்தவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். வரும் வழியில் வலி மாத்திரை, தூக்க மாத்திரை போட்டுக்கொள்வதும் வேண்டாம்.

நுண்ணூசி வகையிலும் கிரீமைக் கிளினிக்கில்தான் பூச வேண்டும். லிடோகெயின் என்ற மரக்கச் செய்யும் மருந்து கலந்த கிரீமை முகம், கழுத்து முழுவதும் தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு பேருந்தில் வருவது விளையாட்டல்ல. மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் கலந்தால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரும். அதனால் உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த வகையைப் பொதுவாகவே இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நுண்ணூசி ஆர்.எஃப். கருவிகளால் தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புப் பாதிப்பு ஆகியவை ஏற்பட்டதாகப் புகார்கள் வந்திருப்பதைச் சொல்லி எச்சரிக்கை வெளியிட்டது. பயிற்சி பெற்றவரிடம் மட்டும் செய்துகொள்ளும் சிகிச்சை அது. அழகு நிலையத்தில் பேக்கேஜாக வாங்கும் பொருளல்ல.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அனைவரும் எப்படிப் போவது என்று பேசுகிறீர்கள். போக வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தெர்மேஜ் கருவிக்கு 2002-இல் அமெரிக்காவில் கண்ணைச் சுற்றிய சுருக்கங்களுக்காக அனுமதி கிடைத்தது. 2003-இல் வெளியான, 86 பேரிடம் செய்த ஆய்வின்படி, ஆறு மாதங்களுக்குப் பிறகு 61.5 விழுக்காடு புருவங்கள் குறைந்தது அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தன. அரை மில்லிமீட்டர்! நகத்தின் தடிமன்கூட ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதற்காக ஒரு மாதச் சம்பளத்தையோ அதற்கு மேலோ கொடுப்பதைவிட, ஒழுங்காகச் சன்ஸ்கிரீன் பூசி இரவில் ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகை கிரீம் பயன்படுத்துவது மேல் அல்லவா? "முன்பு, பின்பு" படங்களில் விளக்கின் கோணமும் தலையின் சாய்வும் மாறியிருப்பதை உற்றுப் பார்த்தால் பாதி இறுக்கம் அங்கேயே தெரிந்துவிடும்.

தாமிரபரணி எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களின் கேள்வி நியாயமானது. அதே ஆய்வில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கண்ணோரச் சுருக்கம் ஒரு படியாவது குறைந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருந்தாலும் இதன் பலன் மிதமானது என்பதை நான் மறுக்கவில்லை. தொய்வு தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தாடையோரம் சற்றுத் தெளிவாகும். கழுத்துத் தோல் மடிந்து தொங்குபவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அவருக்கு அறுவை சிகிச்சையே வழி. முகத்தில் சதையே இல்லாமல் மெலிந்தவருக்கு, இருக்கும் கொழுப்பும் கரைந்து வயது கூடியதுபோல் தோன்றும் அபாயமும் உண்டு. நொய்யல்கரை அவர்கள் எடை குறைத்தவர் என்பதால் கன்னத்தில் எவ்வளவு கொழுப்பு மிஞ்சியிருக்கிறது என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் மக்களுக்கு இது ஏற்றது. லேசர் ஒளியைத் தோலின் நிறமி உறிஞ்சிக்கொள்வதால் மாநிறத்திற்கும் கறுப்புத் தோலுக்கும் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். ஆர்.எஃப். சூடு மின் எதிர்ப்பால் பிறப்பது; நிறமி அதில் குறுக்கிடுவதில்லை. ஆனால் தீக்காயமோ ஊசிக் காயமோ பட்டால் நம் தோல் கருமையாக மாறித்தான் ஆறும். ஆகவே முன்னும் பின்னும் வெயிலைத் தவிர்ப்பதில் சலுகை இல்லை.

படங்களைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. அதற்கான மருந்தும் எளிதே: சிகிச்சைக்கு முன், ஒரே சன்னலருகே, ஒரே நேரத்தில், முகத்தை நேராகவும் இரு பக்கமும் திருப்பியும், சிரிக்காமல் நீங்களே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

ஆண்களுக்காக ஒரு குறிப்பு. தாடியோடு போனால் டிப் தோலில் முழுமையாகப் படியாது. முந்தின நாள் மாலை சவரம் செய்துகொண்டு போங்கள். அன்று காலை செய்து கீறல் விழுந்தால், சிகிச்சைக்குப் பூசும் ஜெல் பட்டு எரியும், சில நேரம் அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். ஆஃப்டர்ஷேவ் வேண்டாம். எனக்குச் செய்தது மோனோபோலார். வலி என்று சொல்வதைவிட, ஒவ்வொரு முறையும் குளிர்ச்சி, சட்டென்று ஆழத்தில் ஒரு சூடு, மீண்டும் குளிர்ச்சி என்று மாறி மாறி வந்தது என்பேன். காதுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருந்தது. "மூன்று" என்றேன், குறைத்தார்கள்.

நொய்யல்கரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. இன்று கிளினிக்கிற்குத் தொலைபேசியில் பேசினேன். மோனோபோலார் என்றும், முகத்துக்கு மட்டும் என்றும், மருத்துவரே செய்வார் என்றும் சொன்னார்கள். பல் கேப்பைக் குறித்துக்கொண்டார்கள். மரத்துப்போகும் கிரீம் தேவையில்லை என்றே அவர்களும் சொன்னார்கள். மூக்குத்தியைப் பெரிய கடைவீதியில் வழக்கமான பத்தரிடம் கழற்றிவிட்டேன். திருகின் மரையில் பல வருடச் சோப்பும் மஞ்சளும் கல்லாக இறுகியிருந்ததை அவர் ஊசி முனையால் சுரண்டி எடுத்துக் காட்டினார்.

மீதி இரண்டு கேள்விகள். இரவில் ரெட்டினால் சீரம் பூசுகிறேன், எப்போது நிறுத்துவது? தை மாதத்தில் மகளின் திருமணம். அதற்குள் பலன் தெரியுமா, அல்லது திருமணத்திற்கு முந்தின வாரம் இன்னொரு முறை செய்துகொள்ளலாமா?

தாமிரபரணி எழுதியது:

சீரத்தை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். ஃபேஷியல், ப்ளீச், வேக்ஸிங் ஆகியவற்றை இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே தவிருங்கள். சாதாரண மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் தொடரலாம். தண்ணீர் வழக்கமான அளவு போதும். சிகிச்சை நாளன்று காய்ச்சலோ, முகத்தில் சீழ்க்கட்டியோ இருந்தால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள்.

சூட்டினால், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் அப்போதே ஓரளவு சுருங்கும். ஆனால் முக்கியமான வேலை அதற்குப் பிறகு உடம்பு புதிய கொலாஜனை உருவாக்குவதில் இருக்கிறது. அது இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை மெல்ல நடக்கும். தை மாதத்திற்கு நான்கைந்து மாதங்கள் இருப்பதால் இப்போது செய்வது சரியான நேரம். திருமணத்திற்கு முந்தின வாரம் புதிதாக எதுவும் வேண்டாம். வீக்கமோ சிவப்போ எதிர்பாராமல் நீடித்தால் முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க முடியாது.

மின்னோட்டம் எழுதியது:

போகும் நாளுக்கு ஒன்று. தெர்மேஜ் போன்ற கருவிகளின் டிப் ஒருவருக்கு மட்டுமே உரியது. இத்தனை முறை வைத்து எடுக்கலாம் என்ற கணக்கும் அதில் உண்டு. உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். அதன் மேல் உள்ள மெல்லிய சவ்வுதான் சூட்டைச் சமமாகப் பரப்புகிறது. பழைய டிப்பில் அது கிழிந்திருந்தால் அந்த ஓரத்தில் சுடும். இப்படிக் கேட்பதை நல்ல கிளினிக் தவறாக எடுத்துக்கொள்ளாது.

மலைக்கோட்டை எழுதியது:

வீடு திரும்பிய பின் அன்று முழுவதும் வெந்நீரில் முகம் கழுவாதீர்கள், ஆவி பிடிக்காதீர்கள், அடுப்படியில் நெடுநேரம் நிற்காதீர்கள். எனக்குச் சிவப்பு அன்று மாலையே போய்விட்டது, இலேசான வீக்கம் மறுநாளும் இருந்தது.

தாமிரபரணி எழுதியது:

அது இயல்பு. கொப்புளம், வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ ஆன திட்டு, நேரம் ஆக ஆகக் கூடும் வலி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வீட்டில் பற்பசையோ மஞ்சளோ வைக்காமல், அன்றே கிளினிக்கைத் தொலைபேசியில் அழையுங்கள். போவதற்கு முன்பே, மாலை நேரத்தில் அழைத்தால் யார் எடுப்பார் என்று கேட்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.